பழைய பிக்கப்பை வாங்கிச் சீர்செய்து ஓட்டுவது: சிங்கப்பூரில் தொடங்குகிறவர்களுக்கு

பழைய பிக்கப் ஒன்றை வாங்கிச் சரிசெய்து, கொஞ்சம் முறுக்கேற்றி ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஃபோனில் ஒரு அமெரிக்க வண்டியின் படத்தோடுதான் வருவார்கள். 1999 முதல் 2004 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்காக இருக்கும், 5.4 லிட்டர் வி8, மேலே சூப்பர்சார்ஜர். இல்லையென்றால் டாட்ஜ் ராம் எஸ்ஆர்டி-10. வைப்பர் ஸ்போர்ட்ஸ் காரின் 8.3 லிட்டர் வி10 எஞ்சினை அப்படியே பிக்கப்பில் இறக்கி, 500 குதிரைசக்தியோடு விற்றார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இவை இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிகள். சிங்கப்பூரில் அவற்றைப் பதிவுசெய்ய முடியாது. அதோடு, மூன்று வயதைத் தாண்டிய பழைய வண்டியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பதியவும் வழியில்லை. அந்தப் படம் ஃபோனிலேயே இருக்கட்டும்.

நமக்குக் கிடைப்பது ஏற்கெனவே இந்தச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் டீசல் டர்போ வண்டிகள்தான்: டொயோட்டா ஹைலக்ஸ், நிசான் நவாரா, மிட்சுபிஷி டிரைட்டன், இசுசு டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர். இவற்றைக் குறைத்து எடைபோட வேண்டாம். நவாரா டி40 வந்தபோது அதன் 2.5 லிட்டர் எஞ்சின் 403 நியூட்டன் மீட்டர் இழுவிசை தந்தது. ஹைலக்ஸ் வீகோவின் 3 லிட்டர் எஞ்சினுக்கு 343. முறையாகச் சீர்செய்த நவாராவில் இரண்டாவது கியரில் மிதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்கப் படத்தைக் கொஞ்ச நாளைக்காவது மறந்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே பிக்கப் என்பது இலகுரகச் சரக்கு வண்டி. பின்னால் வட்டமாக 70 என்று ஒட்டியிருக்கும். விரைவுச்சாலையில் அதுதான் உச்ச வேகம். நீங்கள் எத்தனை ஆயிரம் கொட்டினாலும் அந்த ஸ்டிக்கர் மாறாது. ஆகவே இந்த வண்டியில் வேகத்துக்காகச் செய்யும் செலவு வீண். கீழ் வேகத்தில் இழுக்கும் பலம், சரியாக நிற்கும் பிரேக், வளைவில் ஆடாத சஸ்பென்ஷன் ஆகிய மூன்றுக்கும் போடும் காசை நீங்கள் தினமும் உணர்வீர்கள்.

முதல் படி: லாக் கார்டைப் பாருங்கள், வண்டியை அப்புறம் பார்க்கலாம்

மற்ற ஊர்களில் பழைய வண்டியைப் பார்க்கப் போகிறவர் முதலில் பானெட்டைத் திறப்பார். இங்கே முதலில் திறக்க வேண்டியது லாக் கார்டு, அதாவது வண்டியின் பதிவு விவரத் தாள். முதல் பதிவுத் தேதி, சிஓஇ (ஏலத்தில் எடுக்கும் வண்டி உரிமைச் சான்றிதழ்) முடியும் தேதி, எஞ்சின் எண், சேசிஸ் எண், எத்தனை கை மாறியது எல்லாம் அதில் இருக்கும். விற்பவரை ஒன்மோட்டாரிங் தளத்திலிருந்து புதிதாக எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். போன வருடம் எடுத்த பிரதியை நீட்டினால் ஏற்காதீர்கள்.

சரக்கு வண்டிக்குச் சட்டப்படி 20 ஆண்டுதான் ஆயுள். காருக்கு அப்படி இல்லை. சிஓஇ-யைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பிக்கப்புக்கு 20 முடிந்தால் கதை முடிந்தது. முதல் பத்தாண்டு சிஓஇ தீர்ந்ததும் 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பிக்கலாம். பத்தாண்டுக்குக் கட்டணம், முந்தைய மூன்று மாத ஏல விலைகளின் சராசரி; 5 ஆண்டுக்கு அதில் பாதி. 5 ஆண்டு எடுத்தால் அதன்பிறகு மறுபடி புதுப்பிக்க முடியாது.

ஒரு கணக்கு: 2012 மார்ச்சில் பதிவான வண்டி என்று வைத்துக்கொள்வோம். 2022-இல் பத்தாண்டுக்குப் புதுப்பித்திருந்தால் 2032 மார்ச் வரை ஓடும். அப்போது 5 ஆண்டு மட்டும் எடுத்திருந்தால் 2027 மார்ச்சோடு அதைச் சாலையிலிருந்து எடுத்தாக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி, ஒரே நிறம், ஒரே மைலேஜ். விற்பவர் இரண்டையும் "நல்ல கண்டிஷன்" என்றுதான் சொல்வார்.

சரக்கு வண்டிகளுக்கான சி பிரிவு சிஓஇ அண்மைய ஆண்டுகளில் 70,000 வெள்ளியை ஒட்டியும் தாண்டியும் போயிருக்கிறது. எனவே புதுப்பிக்கும் தறுவாயில் இருக்கும் வண்டியை "மலிவு" என்று வாங்குகிறவர், அடுத்த மாதமே வண்டியின் விலையைப் போலப் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும். ஏற்கெனவே பத்தாண்டுக்குப் புதுப்பித்து, அதில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும் வண்டியே தொடங்குகிறவருக்கு ஏற்றது என்பது என் எண்ணம். விலை கூடுதலாகத் தெரியும். மிச்ச மாதங்களால் வகுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே மலிவாக வரும்.

பழுதுபார்க்கும் செலவையும் இதே மாதிரி வகுத்துப் பார்க்க வேண்டும். பதிவை நீக்கும்போது கார்களுக்குத் திரும்பக் கிடைக்கிற பார்ஃப் கழிவுத்தொகை சரக்கு வண்டிக்குக் கிடையாது. ஆயுள் முடியும் நாளில் புது பெயிண்டுக்கும் பழைய பெயிண்டுக்கும் உடைப்புக் கடையில் ஒரே விலைதான். மூன்று ஆண்டுக்குக் குறைவாக மிச்சமிருந்தால் எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மேல் இருந்தால் பாடி வேலையும் பெயிண்டும் யோசிக்கலாம். நடுவில் இருந்தால் அது உங்கள் பர்ஸும் வீட்டில் கேட்கப் போகும் கேள்வியும்.

இரண்டாம் படி: எந்த வண்டி, அதன் வியாதி என்ன

இந்த ஐந்து வண்டிகளுமே தாய்லாந்தில் பெரும் எண்ணிக்கையில் தயாரானவை. அதனால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. அசல், மாற்று, பழையது என்று எல்லாத் தரத்திலும் கிடைக்கும். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பாகம் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். அந்த எஞ்சினுக்கே உரிய வியாதி எது, அதை முன்பு யாராவது வைத்தியம் பார்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஹைலக்ஸ் வீகோவின் 3 லிட்டர் எஞ்சின், 1கேடி. நல்ல எஞ்சின், ஆனால் ஒரு இடத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும். இன்ஜெக்டர்களின் அடியில் சின்னச் செப்பு வாஷர்கள் இருக்கும். அவை தேய்ந்தால், சிலிண்டருக்குள் எரியும் வாயு மேலே கசிந்து ராக்கர் கவருக்குள் போகும். அங்கே எஞ்சின் ஆயிலைக் கருக்கித் தார் மாதிரி ஆக்கும். அந்தக் கரி கீழே இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஒரு நாள் ஆயில் விளக்கு மினுக்கும், அதற்குள் பேரிங்குகள் போயிருக்கும். இதில் ஏமாற்றம் என்னவென்றால், அதுவரை வண்டி அருமையாக ஓடிக்கொண்டிருக்கும். 1கேடி வாங்கினால் முதல் வேலையாக ஆயில் தட்டைக் கழற்றி அந்த வலையைக் கண்ணால் பாருங்கள். சுத்தமாக இருந்தாலும் வாஷர்களை மாற்றிவிடுங்கள். வாஷர் சில்லறைக் காசு, கூலிதான் செலவு.

நவாரா டி40-இன் ஒய்டி25 எஞ்சினில் டைமிங் செயின் பிரச்சினை. மேல் செயின் ஒற்றை வரிசை, அது நீண்டுபோகும். காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் முன்பக்கத்திலிருந்து சில நொடி கரகரவென்று சத்தம் வந்தால் அதுதான். இரட்டை வரிசைச் செயின் கிட் போட்டுவிட்டால் தீர்ந்தது. டிரைட்டனின் 4டி56 எஞ்சினில் செயின் இல்லை, பெல்ட்; அதோடு பேலன்ஸ் ஷாஃப்டுக்கும் தனி பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரேஞ்சரின் 3.2 லிட்டரில் ஒரு விசித்திரம்: ஆயில் மாற்றும்போது நெடுநேரம் வடிய விட்டால் பம்ப் உலர்ந்துபோய், திரும்ப முடுக்கும்போது ஆயிலை இழுக்காது. இது தெரியாத பட்டறையில் "நல்லா வடியட்டும்" என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

டி-மேக்ஸின் 4ஜேஜே1 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அலட்டாத எஞ்சின். முதல் தடவை செய்கிறவர் எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன், கவர்ச்சி கம்மி என்றாலும்.

2014 ஜனவரியிலிருந்து பதிவான டீசல் வண்டிகள் குறைந்தது யூரோ 5 மாசுத் தரத்தைச் சேர்ந்தவை. பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். நகரத்துக்குள்ளேயே சுற்றிய வண்டியென்றால் அது அடைத்திருக்க வாய்ப்பு உண்டு. வாங்கும் முன் ஸ்கேனர் போட்டு அதன் நிலையைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: நேரில் பார்ப்பது

இங்கே விற்பனைக்கு வரும் பிக்கப்களில் பெரும்பாலானவை கட்டுமானத் தளத்திலிருந்தும் பராமரிப்பு கம்பெனிகளிலிருந்தும் வருபவை. அவற்றின் கிலோமீட்டரை நம்பிப் பயனில்லை. திருத்தியிருப்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. தளத்து வாசலில் ஏர்கான் போட்டபடி மணிக்கணக்கில் நின்ற எஞ்சினுக்குக் கிலோமீட்டர் ஏறாது, தேய்மானம் ஏறும். டிரைவர் சீட்டின் வலது ஓரம், கிளட்ச் பெடல் ரப்பர், கதவுக் கைப்பிடி ஆகியவற்றின் தேய்மானத்தைப் பாருங்கள். அவை மீட்டரை விட உண்மை பேசும்.

போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பலாம். குளிர்ந்த எஞ்சினை முடுக்கும்போதுதான் செயின் சத்தமும் புகையும் தெரியும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பின்னும் நிற்காமல் வந்தால் இன்ஜெக்டர் அல்லது கூலண்ட் கசிவு. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, கழற்றாமல் அப்படியே வாயின் மேல் தளர்வாக வையுங்கள். லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை. துள்ளிக் குதித்தால் பிஸ்டன் ரிங்குகள் போய்விட்டன. அந்த வண்டியின் விலை எதுவாக இருந்தாலும் அதிகம்.

அப்புறம் கீழே படுக்க வேண்டும். காக்கி புக்கிட் பட்டறை ஒன்றில் புதுக்கோட்டை அண்ணன் ஒருவர் வண்டி பார்க்கும் விதம் எனக்குப் பிடிக்கும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சின்னச் சுத்தியலால் சேசிஸ் நெடுக அரை அடிக்கு ஒரு தட்டு. "டங்" என்று வந்தால் நகர்வார். கேபினும் பின்தட்டும் சேரும் இடத்துக்குக் கீழே வந்ததும் வேகம் குறையும். அங்கே "டப்" என்று மந்தமாக ஒரு சத்தம் வந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்துவார். ஒரு தடவை முனை உள்ளே போய்விட்டது. துருப்பொடி முகத்தில் கொட்ட, வெளியே வந்து, "தம்பி, இதுக்கு மேல எஞ்சின் பாக்க வேண்டாம்" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

பனிக்கட்டிக்கு உப்புத் தூவும் நாடுகளில் நவாராவின் சேசிஸ் இதே இடத்தில் முறிந்திருக்கிறது. நமக்கு அந்த உப்பு இல்லை. ஆனால் நம் தளத்துச் சேறும் சிமெண்டுக் கழிவும் சேசிஸ் குழாய்களின் வடிகால் துளைகளை அடைத்துக்கொள்ளும். மழைத்தண்ணீர் உள்ளே நின்று, உள்ளிருந்து தின்னும். வெளியே கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருக்கும். விற்பதற்கு முன் அடித்த புதுக் கறுப்பு என்றால் இன்னும் கூடுதலாகத் தட்டிப் பாருங்கள்.

பின்தட்டில் பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தால் அதைத் தூக்கச் சொல்லுங்கள். மறுத்தால் காரணம் அதற்கடியில்தான் இருக்கும்.

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி என்றால் அது வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூட அந்தப் பொத்தானைத் தொடாத வண்டிகள் இங்கே நிறைய. ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் சோதிக்க வேண்டாம். இவை பகுதிநேர நான்கு சக்கர இயக்கங்கள். பிடிப்புள்ள தரையில் திருப்பினால் கியர்களில் இறுக்கம் ஏறும். சரளைக்கல்லோ மண்தரையோ கிடைக்கும் இடத்தில் மெதுவாகப் போட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: எங்கே வைத்துச் செய்வது

வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் செய்ய முடியாது. ஆயில் சிந்தினால் அண்டை வீட்டார் புகார் கொடுக்கும் முன்பே அபராதம் வந்துவிடும். சொந்தமாகக் கொட்டகை வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார்கள். ஆகவே ஒரு பட்டறையோடு உறவு வைத்துக்கொள்ள வேண்டும். சின் மிங், காக்கி புக்கிட், அங் மோ கியோ தொழிற்பேட்டை, புக்கிட் பாத்தோக் ஆகிய இடங்களில் சரக்கு வண்டியே பார்த்துப் பழகிய பட்டறைகள் உண்டு. காருக்கு வேலை செய்கிற பளபளப்பான இடத்தை விட, லாரிக்காரர்கள் வரிசை கட்டி நிற்கிற இடமே நமக்கு நல்லது.

டவுக்கேயிடம் (பட்டறை முதலாளியிடம்) பேசும்போது "எல்லாத்தையும் பாருங்க" என்று விட்டுவிடாதீர்கள். வேலைகளை மூன்று கட்டமாக எழுதிக் கொடுங்கள்; ஒவ்வொரு கட்டத்துக்கும் கூலி தனி, பாகம் தனி என்று விலை கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். சந்தேகப்படுவதற்கு அல்ல, தேய்மானத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் அடுத்து என்ன போகும் என்று உங்களுக்கே புரியும். அவர்களுடைய பரபரப்பான நேரம் காலையும் சனிக்கிழமையும். வார நடுவில் மதியத்துக்குப் பிறகு போனால் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கவும் விடுவார்கள்.

ஐந்தாம் படி: முதலில் நிற்கட்டும், குளிரட்டும்

சக்தி கூட்டும் வேலைக்கு எல்லோருக்கும் அவசரம். ஆனால் முதல் காசு பிரேக்குக்கும் குளிரூட்டலுக்கும் போக வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் ஈரப்பதத்தில் கேட்கவே வேண்டாம். முழுவதும் மாற்றிவிடுங்கள், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்மைத் திறந்து வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் உறையை லேசாக விலக்கினால் ஈரம் தெரியும். ரப்பர் பிரேக் குழாய்கள் பதினைந்து வயதானவை என்றால் கேள்வியே இல்லாமல் மாற்றுங்கள்.

குளிரூட்டலில் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், குழாய்களோடு ஒரு பாகத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள்: விசிறியின் விஸ்கஸ் கிளட்ச். உள்ளே இருக்கும் சிலிக்கான் திரவம் காலப்போக்கில் கசிந்துபோனால், விசிறி சுற்றும், ஆனால் பிடிப்போடு சுற்றாது. சாலையில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. மாலை நேர பான் தீவு விரைவுச்சாலை நெரிசலில் ஏர்கானோடு நிற்கும்போது முள் மெல்ல ஏறும். நல்ல சூட்டில் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் சுண்டிப் பாருங்கள். கொஞ்சம் எதிர்ப்போடு உடனே நின்றால் நல்லது. காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால் மாற்ற வேண்டும்.

எஞ்சின் ஆயில், கியர் பெட்டி ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல் என்று எல்லா ஆயிலையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். இன்றிலிருந்து கணக்கு தொடங்கும். வடித்த டிஃபரன்ஷியல் ஆயிலில் காந்தத்தை விட்டு எடுங்கள். பசை போன்ற கறுப்புத் தூள் சாதாரணம், கையில் தட்டுப்படும் துண்டு என்றால் உள்ளே பல் உடைந்திருக்கிறது.

ஆறாம் படி: சஸ்பென்ஷன்

தளத்தில் ஓடிய பிக்கப்பின் பின்னால் இருக்கும் லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் தகடு செருகியிருப்பார்கள். சிமெண்டு மூட்டை ஏற்ற அது வேண்டும். வெறுமையாக ஓட்டினால் வேகத்தடையில் தலை கூரையில் இடிக்கும். அந்தத் தகட்டை எடுத்து, புஷ்களையும் ஷேக்கிள் ரப்பர்களையும் மாற்றி, தரமான ஷாக் அப்சார்பர் போட்டாலே வண்டி வேறு வண்டியாகிவிடும். முன்னால் பால் ஜாயிண்ட், கண்ட்ரோல் ஆர்ம் புஷ், டை ராட் முனை. எல்லாம் முடிந்த பிறகே அலைன்மெண்ட். முன்பே செய்தால் காசு தண்டம்.

வண்டியை உயர்த்தும் ஆசை இருந்தால் இரண்டு விஷயம். ஒன்று, உயரத்தை மாற்றும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்து, தேவைப்பட்டால் அனுமதி வாங்குங்கள். இரண்டு, பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு சின்னக் கம்பியோடு சேர்ந்த எல்எஸ்பிவி என்ற வால்வைத் தேடுங்கள். சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தை அளந்து அனுப்புவது அதன் வேலை. சுமை ஏறினால் பாடி தாழும், கம்பி நகரும், அழுத்தம் கூடும். நீங்கள் பாடியை உயர்த்தினால் வால்வு "வண்டி காலி" என்று எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உயர்த்திய வண்டி பிரேக் சோதனையில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டறையில் "எல்எஸ்பிவி அட்ஜஸ்ட் பண்ணீங்களா?" என்று கேளுங்கள். முழித்தால் வேறு பட்டறை பாருங்கள்.

டயர் பாடியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. அகல டயர் கேட்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

ஏழாம் படி: துருவும் பெயிண்டும்

சேசிஸின் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உயர் அழுத்தத் தண்ணீரால் உள்ளே கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காய விடுங்கள். மேல் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, துரு மாற்றி மருந்து, எபாக்சி பிரைமர், அப்புறம் கறுப்பு. குழாய்களின் உள்ளே மெழுகுத் தெளிப்பு. துருவின் மேலேயே தார் கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான் அது.

பழைய கம்பெனிப் பெயரை உரித்த இடத்தைக் கதவில் பார்த்திருப்பீர்கள். ஸ்டிக்கர் போயிருக்கும், வெயில் படாத பெயிண்ட் மட்டும் எழுத்து வடிவத்தில் பளிச்சென்று நிற்கும். சிலருக்கு இது ஒன்றே முழு பெயிண்டுக்குப் போதுமான காரணம். ஆனால் நல்ல கைக்காரர் பாலிஷ் போட்டாலே பாதிக்குப் பாதி மறையும். முதலில் அதை முயலுங்கள்.

நிறம் மாற்றினால் ஆணையத்திடம் பதிவைத் திருத்த வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: சரக்கு வண்டியின் பக்கவாட்டில் எம்எல்டபிள்யூ, யுஎல்டபிள்யூ, பாக்ஸ் என்று அதிகபட்ச எடை, வெற்று எடை, ஆள் எண்ணிக்கை எழுதியிருக்கும். பெயிண்ட் அடித்த பிறகு அதையும் பின்னால் 70 ஸ்டிக்கரையும் திரும்பப் போட மறந்துவிட்டு, சோதனை மையத்தில் நின்று முழிப்பவர்கள் உண்டு.

பின்தட்டுக்குத் தெளிக்கும் பாலியூரித்தேன் லைனர் நல்லது. செருகும் பிளாஸ்டிக் லைனர் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

கண்ணாடிக்குப் படலம் ஒட்டினால் முன் கண்ணாடியும் முன் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 சதவீதம் ஒளியை விட வேண்டும். பின்னால் இருப்பவை 25 சதவீதம். சீட் உறை, மிதியடி, ஸ்டீரியோ எல்லாம் உங்கள் விருப்பம்.

எட்டாம் படி: சக்தி

இங்கே வந்து சேரும்போது பாதிப் பேருக்கு வண்டி ஏற்கெனவே போதுமான அளவு இழுப்பதாகத் தோன்றும். அதில் வியப்பில்லை. பழைய டீசல் எஞ்சினின் தொலைந்த சக்தியில் பெரும்பகுதி அடைப்பிலும் கசிவிலும்தான் இருக்கும்.

இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு வழியாக வரும் புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து, விரல் தடிமனுக்குக் கறுப்புக் கூழ் அப்பியிருக்கும். சுத்தம் செய்தாலே காற்று தாராளமாகப் போகும். இஜிஆரை அடைத்துவிடலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைப்பது சோதனையில் மட்டுமல்ல, சட்டத்திலும் மாட்டிவிடும். சுத்தம் செய்து திரும்பப் போடுங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரை உள்ள ரப்பர் குழாய்களைச் சோப்புத் தண்ணீர் தெளித்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். வீகோவில் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே, பானெட் வாயின் கீழ் இருக்கும். அதன் இடுக்குகளில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கும். இன்ஜெக்டர்களைச் சோதனை மேசையில் வைத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு நியாயமானது.

இதற்கு மேல் வேண்டுமென்றால் பேப்பர் வேலை தொடங்குகிறது. எஞ்சின் மாற்றம், எக்ஸாஸ்ட் மாற்றம் போன்றவை ஆணையத்தின் அனுமதிக்கு உட்பட்டவை. பட்டறையில் "எல்லாரும் போடுறாங்க" என்பது அனுமதி ஆகாது. பெரிய டர்போ, எஞ்சின் கணினியில் மேப் மாற்றம் என்று எது யோசித்தாலும் முதலில் ஆணையத்தின் பட்டியலைப் பாருங்கள், அடுத்து காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாத மாற்றத்தை விபத்துக்குப் பிறகு அவர்கள் கண்டுபிடித்தால் இழப்பீடு சிக்கலாகும். சாதா விளக்குக்குள் கண் கூசும் எச்ஐடி வாயு பல்பு செருகுவது கூடவே கூடாது. மேப் மாற்றி இழுவிசை ஏறினால் முதலில் வழுக்குவது பழைய கிளட்ச். அடுத்து கறுப்புப் புகை. அந்தப் புகையோடு சோதனைக்குப் போக முடியாது.

ஒன்பதாம் படி: சோதனை நாள்

பத்து வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டாயச் சோதனை. விகாம், எஸ்டிஏ, ஜேஐசி ஆகிய மூன்று நிறுவனங்களின் மையங்களில் எதிலும் செய்யலாம். பிரேக், பக்கவாட்டு இழுப்பு, விளக்கின் கோணம், புகை, அடிப்பாகம் எல்லாம் பார்ப்பார்கள். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

முந்தின நாள் பின்தட்டைக் காலிசெய்து, டயர் அழுத்தத்தைச் சரிபார்த்து வையுங்கள். சஸ்பென்ஷன் உயரம் மாறியிருந்தால் விளக்குக் கோணமும் மாறியிருக்கும், பட்டறையிலேயே திருத்திவிடலாம். மையத்துக்குப் போகும் முன் அரை மணி நேரமாவது விரைவுச்சாலையில் ஓட்டுங்கள். நகரத்தில் தவழ்ந்த டீசல் எஞ்சினின் எக்ஸாஸ்டில் படிந்த கரி, சூடேறாமல் நேராகப் போனால் புகைச் சோதனையில்தான் வெளியே வரும். மாற்றங்களுக்கான அனுமதிக் கடிதங்களின் பிரதியை டாஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். வண்டியை உள்ளே கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் காத்திருக்கலாம். தோற்றால் எந்த அம்சத்தில் என்று தாளில் எழுதித் தருவார்கள், அதை மட்டும் சரிசெய்து மறுசோதனைக்கு வரலாம்.

பாஸ் ஆகிவிட்டால் நண்பர்களைப் பின்தட்டில் ஏற்றிக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட் போகலாம் என்று நினைக்காதீர்கள். பின்தட்டு உல்லாசப் பயணத்துக்கு அல்ல; சீட் எத்தனையோ அத்தனை பேர்தான். மற்றவர்கள் பஸ்ஸில் வரட்டும், சாப்பாட்டுக் கூடையை நீங்கள் எடுத்துப் போங்கள்.